முள்முடி தரித்த பாய்

வாருங்கள் என் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கைப்பிள்ளைக்காரிகள் சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். பிள்ளை பாலுக்கு அழுதால் இங்கேயே கொடுங்கள், தாயி, எழுந்து போக வேண்டாம். இந்தக் கதையில் வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் இல்லை. கோயில் வாசலில் முள்முடி தரித்துக்கொண்டு நின்ற ஒரு பாயின் கதை சொல்லப் போகிறேன். பாய்க்கு ஏது தலை என்று கேட்கிறீர்களா? அதை ஒரு சபை கூடித் தீர்மானித்தது. அதையும் சொல்கிறேன்.

வரதராஜன்பேட்டைக்கும் ஏலாக்குறிச்சிக்கும் நடுவில், முந்திரித் தோப்புகளுக்குள் ஒளிந்த மாதிரி சம்மனசுபுரம் என்று ஒரு ஊர். அங்கே இருந்த வேதக்காரக் கிறிஸ்தவச் சனங்கள் வரகும் கம்பும் விதைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை செபம் சொன்னார்கள். சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள், சர்வேசுரன் கொடுத்த பிள்ளைகளைப் பெற்றார்கள். பரிசுத்தம் என்றால் பொய் சொல்லாமல் இருப்பது, அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்க்காமல் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது போதாது என்று எடுத்துச் சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை. இரண்டாவது உலகச் சண்டை நடந்த காலத்தில் அந்தக் குறையும் தீர்ந்தது.

திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த ஞானப்பிரகாசம், பென்சனும் கண்ணாடியுமாகச் சொந்த ஊர் திரும்பினார். கூட அவர் மனைவி தெரசம்மாள் வந்தாள். ஆபீஸ் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே 'பரிசுத்த சரீரக் காவல் சபை' என்று ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தானே தலைவரானார். முந்திரிக்கொட்டை வியாபாரி சவரியார் காரியதரிசியானார். அவரிடம் சைக்கிள் இருந்தது. மாதம் ஒருதரம் மாட்டுவண்டியில் பூசை வைக்க வரும் சாமியாருக்கு நிம்மதி. ஊர் வழக்குகளை இனி அவர் கேட்க வேண்டாம், சபை கேட்டுக்கொள்ளும். அவர் பூசை முடித்து, காப்பி குடித்து, அடித்த கோழியைச் சாப்பிட்டுவிட்டு வண்டியேறலாம்.

பூசைக்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்தில் தலைவர் பேசினார்.

"சகோதரர்களே, மனுசன் எங்க பாவம் பண்ணுறான்? மனசுலன்னு சொல்லுவாங்க. மனசை நாம எப்படிப் பார்வையிடுறது? அதைப் பூட்ட முடியுமா, முத்திரை வைக்க முடியுமா? ஆபீஸ் முறையில யோசிச்சுப் பார்த்தேன். சரீரப் பாவத்துக்கு ஒரு இடம் இருக்கு. அந்த இடத்துக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, ஓரத்துல சிவப்புக் கரை உண்டு. அதைச் சுருட்டலாம், கட்டலாம், பூட்டி வைக்கலாம். அதுதான் பாய்."

ஆண்கள் பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் இருந்தவர்கள், வீட்டில் எந்தப் பாயைச் சொல்கிறார் என்று யோசித்தார்கள். அவர் சொன்னது கல்யாணப் பாயை. தாய்வீட்டிலிருந்து சீர்வரிசையோடு வருகிற, இரண்டு பேர் படுக்கிற அகலமான கோரைப்பாய். விபூதிப் புதன்கிழமை அதை ஒவ்வொரு வீடும் சபையிடம் ஒப்படைக்க வேண்டும். நாற்பது நாள் தபசு காலம் முடிந்து, கர்த்தர் உயிர்த்த பாஸ்கு திருநாள் வரும்போது சபை திருப்பிக் கொடுக்கும். அதுவரை அவரவருக்கு ஒற்றைப் பாய்.

"முடியுமான்னு கேக்காதீங்க," என்றார் தலைவர். "எனக்கும் எம் மனைவிக்கும் கல்யாணமான நாள்லேர்ந்து நாங்க சூசையப்பரும் தேவமாதாவும் மாதிரி. ஒரு விரல் பட்டது கிடையாது. எங்க வூட்டுல தபசு காலம் முடியிறதே இல்லை. சந்தேகம்னா அவளையே கேட்டுப் பாருங்க."

யாரும் கேட்கவில்லை. தெரசம்மாள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் திரும்பிய நாளிலிருந்து அவளை மலடி என்று வளைகாப்புக்கும் தொட்டிலிடுவதற்கும் கூப்பிடாமல் விட்ட பெண்கள், அந்தப் பேச்சைக் கேட்டுத் தலைகுனிந்தார்கள். அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை. காரணம் மாறிவிட்டது என்பதற்காக வழக்கத்தை மாற்ற முடியுமா?

விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு, கைமணி அடித்துக்கொண்டு, சபையார் வீடு வீடாகப் போய்ப் பாய்களை வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட அறைக்கு ஊர்வலம் போனார்கள். ஊர் ஓரத்தில் இருந்த கொளஞ்சியம்மாள் தன் வாசலிலேயே அவர்களை மறித்தாள். அவள் வேதக்காரி இல்லை. ஆனால் அந்த ஊரில் பிறந்த எல்லாத் தலையும் முதலில் அவள் கையில்தான் விழுந்தது.

"என்னா சவரியாரே, ஊருல சாவு எத்தினி? இம்புட்டுப் பாயத் தூக்கிட்டுப் போறீங்க."

"பாவத்தைப் பூட்டி வைக்கப் போறோம் ஆத்தா."

"அப்ப ஆம்பளைங்களையும் சேத்துச் சுருட்டிட்டுப் போங்க. பாயி தனியாப் போயி என்னா பண்ணும், பாவம்."

பாயோடு சபை நிற்கவில்லை. ஒற்றைப் பாய்களும் ஒட்டிக்கொள்ளக்கூடும் அல்லவா. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் தரையின் நடுவே சுண்ணாம்பால் ஒரு கோடு. கிழக்கே புருசன், மேற்கே பெண்டாட்டி, நடுவில் ஒரு உலக்கை நீள இடைவெளி. அதை அளக்க மந்திரித்த உலக்கை ஒன்றைச் சபை வைத்திருந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்பு சவரியார் அந்த உலக்கையைச் சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு வருவார். அளப்பார். கோடு எங்கேயாவது அழிந்திருக்கிறதா என்று குனிந்து மோப்பம் பிடிப்பது போலப் பார்ப்பார். பிறகு முறத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டு பெண்களிடம் கேட்பார்.

"நேத்து எப்படி?"

"என்ன எப்படிங்க?"

"மனசு அலைஞ்சுதா? எந்த நேரத்துல? அலைஞ்சப்ப என்னா தோணிச்சு? ஆத்துமத்துக்காகத்தான் கேக்கிறேன், கூச்சப்படாதே."

கேட்கும்போது அவர் கீழுதடு ஈரமாகும். துண்டு நுனியால் ஒற்றிக்கொள்வார். ஏதாவது சொன்ன வீட்டில் நெடுநேரம் உட்கார்ந்தார். ஒன்றுமில்லை என்று சொன்ன வீட்டை அவர் நம்பவில்லை, மறுநாளும் வந்தார். பெண்கள் அவர் எழுந்துபோன இடத்தைச் சாணி போட்டு மெழுகினார்கள். மெழுகும்போது கோடு அழிந்தது. அதற்கும் விசாரணை நடந்தது.

சேவல்கள் ஊருக்குக் கெட்ட முன்மாதிரி காட்டுவதாக ஒரு புகார் வந்தது. தபசு காலம் முழுவதும் சேவல்களைக் கூடை போட்டுக் கவிழ்க்கத் தீர்மானமானது. கூடைக்குள் இருந்து அவை விடியல் தெரியாமல் கண்ட நேரத்தில் கூவின. ஊர் கண்ட நேரத்தில் எழுந்தது.

பாஸ்கு திருநாளன்று பள்ளிக்கூட அறையைத் திறந்தார்கள். அடுக்கிய பாய்களின் நடுவில் எலி ஒன்று குட்டி போட்டிருந்தது. ரோசாப்பூ நிறத்தில், கண் திறக்காமல், ஒன்றன்மேல் ஒன்று. தலைவர் அதைப் பார்த்தார். இதைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று உத்தரவு போட்டார். பாய்களில் பாதியை எலி தின்றிருந்தது. மீதி இடம் மாறிப் போயிற்று. இன்னார் வீட்டுப் பாய் இன்னார் வீட்டில் கிடக்கிறது என்று அந்த வருசம் ஊரில் நடந்த சண்டையில் பல்லும் போனது. இருந்தாலும் சபைக்கு முதல் வருசம் வெற்றி என்றுதான் தலைவர் சொன்னார்.

இப்போது அடைக்கலத்திடம் வருவோம். அவள் முழுப் பேர் அடைக்கலமேரி. ஏலாக்குறிச்சி மாதாவிடம் நேர்ந்து பெற்றவள். அவள் புருசன் மிக்கேல் பட்டாளத்தில் சேர்ந்து, அசாம் மலையில் ரோடு போடுகிற படையில் இருந்தான். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் போனவன், அடுத்த வருசம் லீவு கிடைத்து வந்தான். அரியலூர் ஸ்டேசனில் இறங்கி, காக்கிச் சட்டையும் முதுகில் மூட்டையுமாக நடந்தே வந்து சேர்ந்தான். வந்தது தபசு காலத்தில். பட்டாளத்தில் அதை யாரும் விசாரிக்கவில்லை.

கல்யாணப் பாய் இல்லை, தரையில் வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. மிக்கேல் நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனான்.

"பாயைக் குடுங்க, அப்பச்சி. மலையில மாசக்கணக்கா ஈரத்துல படுத்துட்டு வந்திருக்கேன். திரும்பப் போகணும்."

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "மிக்கேலு, உனக்கு லீவு குடுத்தது யாரு?"

"தொரைங்க."

"தபசுக்கு லீவு குடுக்க அவங்களுக்கு அதிகாரம் இருக்கா? இல்லை. பட்டாளத்துல கட்டுப்பாடுன்னு ஒண்ணு சொல்லிக் குடுத்திருப்பாங்களே. துப்பாக்கிக்கு முன்னால நிக்கிறது லேசு. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறதுதான் வீரம். போய் நில்லு."

மிக்கேல் வாசலைப் பார்த்துத் திரும்பினான். "ஜப்பான்காரன் தேவலாம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். லீவு முடிந்து போனான். ஆடி மாதம் வரைக்கும் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. அடைக்கலத்துக்கு வயிறு தெரியத் தொடங்கியது.

அடைக்கலத்துக்குச் சந்தோசம். வாந்தி எடுத்துக்கொண்டே சிரித்தாள். பட்டாளத்தில் இருந்து அவன் திரும்புவானோ இல்லையோ, இது இருக்கும் என்று கொளஞ்சியம்மாளிடம் சொன்னாள். அவளுக்குத் தெரியாது, அவள் வயிற்றைப் பார்த்துச் சபை ஆழ்ந்த யோசனையில் இருந்தது என்று.

பள்ளிக்கூட அறையில் கூட்டம். ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அடைக்கலத்தைக் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். துணைக்கு வந்த கொளஞ்சியம்மாளைச் சபையில் சேர்ந்தவள் இல்லை என்று சன்னலுக்கு வெளியே நிறுத்தினார்கள். சன்னல் திறந்திருந்தது.

"மேற்படி மிக்கேல் லீவில் வந்த காலத்தில் மேற்படி கல்யாணப் பாய் யார் வசம் இருந்தது?" என்றார் தலைவர்.

"உங்ககிட்டதாங்க."

"பூட்டியிருந்ததா?"

"பூட்டித்தாங்க இருந்துச்சு."

"சாவி?"

"உங்க இடுப்புலங்க."

தலைவர் சபையைப் பார்த்துத் திரும்பினார். "பாய் எங்கள் காவலில். சாவி என் இடுப்பில். கோடு அழியவில்லை என்று காரியதரிசி தினமும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஆகையால் இந்தக் கர்ப்பத்துக்கு மிக்கேல் காரணமாக இருக்க விதிப்படி வழியே இல்லை."

அடைக்கலம் திகைத்துப் போனாள். அவர் ஏதோ கணக்கில் தவறிவிட்டார், எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

"தரை இருந்துச்சுங்களே," என்றாள்.

தரை என்று ஒன்று இருப்பது அந்தச் சபையில் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை. தலைவர் கீழே பார்த்தார். அங்கேயும் தரை இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் மெதுவாகக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"தலைவரே," என்றார் சவரியார், "வயக்காடும் தரைதான்."

"ஏரிக்கரை?" என்றார் ஒருவர்.

"முந்திரித் தோப்புல சருகு வேற மெத்தை மாதிரி கிடக்கு," என்றார் இன்னொருவர்.

"தோப்பை நானே நேர்ல போயிப் பார்த்துக்கிறேன்," என்றார் சவரியார் அவசரமாக. "தெனம்."

சன்னலுக்கு வெளியே கொளஞ்சியம்மாள் வெற்றிலையைத் துப்பினாள். "மேல ஆகாயம்னு ஒண்ணு இருக்கு. அதையும் சேத்துக்குங்க."

வருகிற தபசு காலத்தில் எல்லா வீட்டுத் தரையிலும் நெருஞ்சி முள் பரப்புவது என்று தீர்மானம் ஆனது. சோதனைக்காக முதலில் சவரியார் வீட்டிலேயே பரப்பினார்கள். அவர் தாயார் அதில் காலை வைத்து, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தாள். முள் நன்றாக வேலை செய்கிறது என்று சபை குறித்துக்கொண்டது.

அடைக்கலத்துக்குத் தலைவர் இரண்டு வழி காட்டினார். அன்பாகத்தான் காட்டினார். குழந்தை மிக்கேலுக்குப் பிறந்தது என்றால் அது தபசு காலத்துப் பாவம். புருசனும் பெண்டாட்டியும் முள்முடி தரித்துக் கோயில் வாசலில் முழங்காலில் நிற்க வேண்டும். ஊர் முன்னால் பாவத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும். அந்த அவமானம் வேண்டாம் என்றால் இன்னொரு வழி. தகப்பன் பேர் சொல்லாமல் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளலாம், கேள்வி கிடையாது.

அந்த ஊரில் ஞானஸ்நானம் முடிந்ததும், 'இன்னார் பிள்ளை இன்னார்' என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி ஒருவர் கூவுவார், சனங்கள் ஆமென் என்பார்கள். அப்படிக் கூவப்பட்டால்தான் பிள்ளைக்குத் தகப்பன் வீடு. சபை வந்த பிறகு கூவுகிற வேலையையும் தலைவரே எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் முட்டி போடுறேங்க," என்றாள் அடைக்கலம். "முள்ளும் வச்சுக்கிறேன். அவரு பேரை மட்டும் கூவுங்க. அவரு திரும்பி வரலைன்னா அந்தச் சத்தம்தான் எம் புள்ளைக்கு அப்பன்."

"புருசனும் ஆஜராகணுமே," என்றார் சவரியார். "ஒரு ஆளை வச்சு எப்படி?"

சபை அன்றைக்குப் பொழுது சாயும்வரை இதை ஆராய்ந்தது. கடைசியில் தலைவர் தன் ஆபீஸ் அனுபவத்தைப் பயன்படுத்தி வழி கண்டுபிடித்தார். ஆள் ஆஜராக முடியாத இடத்தில் அவருடைய பிரதிநிதி ஆஜராகலாம். மிக்கேலின் பிரதிநிதியாக அவன் கல்யாணப் பாய் ஆஜராகட்டும். அதற்கும் ஒரு முள்முடி.

பிள்ளை, கர்த்தர் பிறந்த திருநாளுக்குச் சில நாள் முன்னால் கொளஞ்சியம்மாள் கையில் பிறந்தது. பெண். முழு உருவமும் மிக்கேல், அந்தச் சப்பை மூக்கு உட்பட.

திருநாளன்று காலைப் பூசை முடிந்தது. சாமியார் பீடத்தருகே ஞானஸ்நானத் தண்ணீரோடு காத்திருந்தார். அவர் இன்னும் காப்பி குடிக்கவில்லை. வாசலில், பிரசவ உடம்போடு அடைக்கலம் முழங்காலில் நின்றாள். தலையில் இலந்தை முள் முடி. பக்கத்தில் சுருட்டிய பாயைச் செங்குத்தாகக் கதவில் சாய்த்து, கயிறு கட்டி, அதன் உச்சியிலும் ஒரு முள்முடி வைத்திருந்தார்கள். காற்றடித்தால் பாய் ஒரு பக்கம் சாயும். சவரியார் ஓடிப்போய் நிமிர்த்துவார். உள்ளே குடில் வைக்கோலில் குழந்தை சேசு கிடந்தார். வெளியே கொளஞ்சியம்மாள் பச்சைப்பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"பாவத்தைச் சொல்லு," என்றார் தலைவர்.

ஆண்கள் எல்லாரும் எழுந்து வாசல் பக்கம் வந்திருந்தார்கள். தூணுக்குப் பின்னால் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். காது மந்தமான ஒருவர் கையைக் காதில் குவித்துக்கொண்டார். கர்த்தர் பிறந்த செய்திக்குக்கூட அந்தக் கோயில் இவ்வளவு கவனமாகக் காது கொடுத்ததில்லை.

அடைக்கலம் அந்த முகங்களைப் பார்த்தாள். பிறகு பாயைப் பார்த்துச் சொன்னாள்.

"அவரு மறுநாள் சண்டைக்குப் போறதா இருந்துச்சு. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் அழுதுக்கிட்டு கெடந்தேன். அவரு அந்தப் பக்கம் அழுதாரு. நான் கோட்டைத் தாண்டினேன். அவரு வரல, நாந்தான் போனேன். அவ்வளவுதாங்க. மறுநாள் கோட்டைத் திரும்பப் போட்டுட்டேன்."

தலைவர் முகம் சுருங்கியது.

"விவரம் போதாது," என்றார். "பாவத்தைப் பாவமாச் சொல்லணும். நீ சொல்றது துக்கமா இருக்கு. சபை துக்கம் கேட்க வரலை. தாண்டினே. சரி. தாண்டின பிறகு?"

"அதுக்கு மேல வேணும்னா அவரு வந்த பெறகு அவரையே கேளுங்க."

"ஆத்துமத்துக்காகத்தானே கேக்கிறோம்," என்றார் சவரியார், உதட்டை ஒற்றிக்கொண்டு.

"ஏன் சவரியாரே," என்றாள் கொளஞ்சியம்மாள், "உங்க ஆத்துமத்துக்கு எச்சி ஊறுமா?"

தலைவர் கை உயர்த்தினார். விளக்கம் பூர்த்தியாகாததால் தவம் பூர்த்தியாகவில்லை. ஆகவே ஞானஸ்நானத்தில் இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஞானத்தாயாக நிற்க எல்லாரையும் அனுமதிக்க முடியாது. சரீர பரிசுத்தம் சபையால் நிரூபிக்கப்பட்டவர்தான் நிற்கலாம் என்று அறிவித்தார். பெண்கள் பக்கம் பார்த்தார். அங்கே இருந்த ஒவ்வொருத்தியின் மேலும் சவரியாரின் உலக்கை ஏதாவது ஒரு குறை கண்டிருந்தது. ஒருத்தியும் நிமிரவில்லை. ஞானத்தாய் இல்லாமல் ஞானஸ்நானம் இல்லை.

"என்ன அங்கே?" என்றார் சாமியார் உள்ளேயிருந்து. "பிள்ளை உண்டா இல்லையா? நேரமாகிறது."

"தகுதியுள்ள ஞானத்தாய் யாரும் இல்லை சாமி," என்றார் தலைவர். "அடுத்த மாசம் பார்ப்போம்."

கொளஞ்சியம்மாள் கையில் இருந்த பிள்ளை தும்மியது. அடைக்கலத்தின் நெற்றியில் முள் குத்தின இடத்திலிருந்து இரத்தம் புருவத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் ஒரு சேலை அசைந்தது.

"நான் நிக்கிறேன் சாமி," என்றாள் தெரசம்மாள்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். "தெரசா, உக்காரு."

"ஏங்க? எனக்குப் பரிசுத்தம் பத்தாதா?"

"வூட்டுல பேசிக்கலாம்."

"வூட்டுல நீங்க எப்பப் பேசினீங்க?" தெரசம்மாள் குரலை உயர்த்தவில்லை. அந்த ஊர் அவள் குரலை அன்றுதான் முதலில் கேட்டது. "ஊரைக் கூட்டி வச்சு நீங்கதானே சொல்றீங்க. விரல் பட்டதில்லைன்னு. சந்தேகம்னா அவளையே கேளுங்கன்னு. யாரும் கேக்கலை. இப்ப நானாச் சொல்றேன். அவரு சொல்றது நெசம் சாமி. பட்டதில்லை. அது எனக்குச் சம்மதமான்னு அவரும் கேக்கலை, கட்டி வச்சவங்களும் கேக்கலை. எனக்குப் புள்ளை வேணும்னு இருந்துச்சு. ஊரு மலடின்னுச்சு. இவரு பரிசுத்தம்னாரு. இருந்துட்டுப் போவட்டும். அந்தப் பரிசுத்தத்தை வச்சு நான் இத்தினி வருசத்துல ஒண்ணும் கேட்டதில்லை. இன்னைக்கு இந்தப் புள்ளையைத் தூக்கக் கேக்கிறேன். கூடாதுன்னா இவரே சொல்லட்டும். இவருதானே சாட்சி."

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தகுதி இல்லை என்று சொன்னால், அவர் இத்தனை நாள் மேடையில் சொன்னது பொய்யாகிவிடும். தகுதி உண்டு என்று சொன்னால் பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஆபீஸ் அனுபவம் உதவிக்கு வரவில்லை. கை தானாக இடுப்புச் சாவியைத் தேடியது.

"நல்லது," என்றார் சாமியார், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "ஆள் இருக்கிறதே. தூக்கிக்கொண்டு வா அம்மா."

தெரசம்மாள் வாசலுக்கு வந்தாள். முதலில் குனிந்து அடைக்கலத்தின் தலையிலிருந்த முள்முடியை எடுத்தாள். அவள் விரலிலும் குத்தியது. அதை யார் கையிலும் கொடுக்காமல் வாசலுக்கு வெளியே போட்டாள். அடைக்கலத்தின் புருவத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை தூக்கிப் பழக்கமில்லாத கை. கொளஞ்சியம்மாள் அந்தக் கையைப் பிடித்து, மடித்து, கழுத்துக்குக் கீழே எப்படி அணை கொடுப்பது என்று வைத்துக் காட்டி, பிள்ளையைக் கிடத்தினாள்.

"இறுக்கிப் பிடி ஆத்தா. ஒண்ணும் ஆவாது."

நாக்கில் உப்பு வைத்தார்கள், தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளை வீரிட்டு அழுதது. ஆரோக்கியமேரி என்று தெரசம்மாள் பேர் சொன்னாள். சாமியார் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு காப்பிக்குப் போனார்.

இனிக் கூவ வேண்டும். கூவ வேண்டியவர் தலைவர்.

அவர் பீடத்துக்கு முன்னால் நின்றார். எதிரே, மார்பில் பிள்ளையோடு அவர் மனைவி. ஒரு பச்சைக்குழந்தையோடு அவளை அவர் அதுவரை பார்த்ததில்லை. பிள்ளை பாலைத் தேடி அவள் இரவிக்கையை முட்டிக்கொண்டிருந்தது. தலைவர் கண்ணை வேறு பக்கம் திருப்பினார். அங்கே வாசலில் அடைக்கலம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மிக்கேல் மகள் ஆரோக்கியமேரி," என்றார், தொண்டைக்குள்.

"கேக்கலையே தலைவரே," என்றாள் கொளஞ்சியம்மாள் வாசலிலிருந்து. "எதுத்தாப்புல நிக்கிற எனக்கே கேக்கலை. அசாமு மலை வரைக்கும் போவணுமில்ல?"

பெண்கள் பக்கத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சும்மா நின்றார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு தலையைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, கோயில் முகட்டில் இருந்த புறா பறக்கும்படி கூவினார்.

"மிக்கேல் மகள் ஆரோக்கியமேரி!"

ஆமென் என்றது ஊர். அடைக்கலம் மட்டும் ஆமென் சொல்லவில்லை. அந்தச் சத்தம் முகட்டிலிருந்து முழுவதும் இறங்கி அடங்கும்வரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சபை அன்றோடு கலைந்துபோனது என்று சொல்லி உங்களைச் சந்தோசப்படுத்த எனக்கும் ஆசைதான், கண்ணுகளா. கலையவில்லை. அந்த மாதிரி சபை எங்கேயாவது ஒரு அறையில், யார் வீட்டுத் தரையைப் பற்றியாவது பேசிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் சர்வேசுரன் உங்கள் வீட்டு வாசற்படிக்கு உயரம் கொடுக்கட்டும், எட்டிப் பார்க்கிறவன் முட்டி இடறி விழும்படி. உங்கள் வீட்டில் அழுகிறவள் தனியாக அழாதிருக்கட்டும். தூரம் போனவர்கள் நடை தளராமல் வந்து சேரட்டும். பெற்றவளுக்கும் பெறாதவளுக்கும் மடி நிறையட்டும். உங்கள் பிள்ளைகளின் பேரை யாராவது உரக்கக் கூப்பிடும்போது, அவர்கள் ஓடி வந்து நிற்க ஒரு வீடு எப்போதும் இருக்கட்டும். போய் வாருங்கள், தாயி. பிள்ளைக்குத் தலை நனையாமல் முந்தானையைப் போட்டுக்கொள்ளுங்கள்.